மில்லுக்காரர் சுவரில் மூச்சு

கரண்ட் போனதால்தான் தெரிந்தது. மில் ஓடிக்கொண்டிருந்தால் சுக்கான்மேடு பஸ் நிறுத்தத்தில் கண்டக்டர் ஊதுகிற விசில்கூடக் காதில் விழாது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, வெயில் ஏறுகிற நேரத்தில் கரண்ட் போய், மில்லின் பெல்ட் சுற்றிச் சுற்றி ஓய்ந்து, மிளகாய் அரைக்க வந்த பெண்கள் தூக்குவாளியோடு வாசலில் குந்தி, ஊர் தன் சத்தத்தையெல்லாம் கீழே இறக்கி வைத்த பிறகு, காம்பவுண்டுச் சுவரில் முந்தின நாள் கட்சிப் படம் வரைகிற கொளஞ்சி வரைந்துவிட்டுப் போன முகம் தன் முகக்கவசத்துக்குள்ளிருந்து மூச்சு விட்டுக்கொண்டிருப்பது எல்லாருக்கும் கேட்டது.

உள்ளே இழுக்கும்போது வரைந்த துணி மூக்கோடு ஒட்டியது. வெளியே விடும்போது புடைத்தது. இழுப்பில் ஒரு சீழ்க்கை, விடுவதில் மணலை அள்ளிக் கொட்டுகிற மாதிரி ஒரு சரசரப்பு.

"யாருக்கோ வீசிங் இருக்குது" என்றாள் ஒருத்தி.

"சொவத்துக்குத்தான்" என்றாள் இன்னொருத்தி.

பிறகு கரண்ட் வந்தது. மிளகாயை அரைத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

மில்லுக்காரர் பெரியநாயகத்துக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. அவருக்கு எதுவுமே சரியாகப் படாது. எதிர்வீட்டுக்காரன் வைக்கிற வணக்கத்தையும், மனைவி தனபாக்கியம் கேட்காமலே கூடுதலாக ஊற்றுகிற ஒரு கரண்டி ரசத்தையும், சும்மா வருகிற மழையையும்கூட இது எதற்கு இப்போது வருகிறது என்று ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுக்கொள்வார். சுவர் மூச்சுவிட்டதில் அவருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. யார் விட வைத்தார்கள் என்பதுதான் கேள்வி.

அந்தச் சுவர் ஊரிலேயே நல்ல சுவர். பஸ்ஸை விட்டு இறங்குகிறவன் கண் முதலில் அதில்தான் முட்டும். குடைக்கட்சியும் சாவிக்கட்சியும் அதை மாறி மாறிப் பிடிக்கும். யார் முதலில் வந்து வெள்ளையடித்து மூலையில் 'ரிசர்வ்' என்று எழுதிவிட்டுப் போகிறானோ அவனுக்கு அந்தத் தேர்தல் முடியும் வரை சுவர் சொந்தம், எதிராளி அரிவாளோடு அலைந்தாலும் அந்த எழுத்தைத் தொடமாட்டான். வீட்டுக்காரனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்காததற்கு ஈடாக வலது கீழ் மூலையில் நீலத்தில் ஒரு வரி எழுதுவார்கள்: 'சுவர் உபயம்: ப. பெரியநாயகம், மாவு மில்'. மேலே எந்தத் தலைவர் வந்தாலும் எந்தத் தலைவர் போனாலும், வெள்ளையடிக்கிறவன் அந்த வரி வந்ததும் மட்டையை நிறுத்திக்கொள்வான். ஊர் வழக்கம் அது. ஊருக்கு வருகிறவன் முதலில் படிப்பது தன் பெயரைத்தான் என்பதில் பெரியநாயகத்துக்கு ஒரு இது உண்டு. வெளியே சொன்னதில்லை.

இரண்டு கட்சிக்கும் வரைகிறவள் கொளஞ்சிதான். குடையும் அவள் கைதான், சாவியும் அவள் கைதான். தலைவர்களைச் சிரிக்கவைப்பாள், கன்னத்தில் ரோஸ் ஏற்றுவாள், பல்லை வரிசையாக அடுக்குவாள். அவள் புருஷன் ஊருக்குப் பக்கத்துச் சிமெண்டு ஆலையில் மூட்டை கட்டுகிற இடத்தில் இருந்து, இருமி இருமிப் போய்ச் சேர்ந்தவன். அதற்கு ஈடு கேட்டு அவள் யார் வாசலிலும் போய் நின்றதில்லை. அடுத்த தேர்தலுக்கு யாரும் ரிசர்வ் எழுதாமல் சுவர் சும்மா கிடந்த ஒரு வியாழக்கிழமை ஏணியைச் சாத்தி, கைப்பிடி உடைந்த சின்ன முகம்பார்க்கும் கண்ணாடியை ஏணிப்படியில் கட்டி, அதைப் பார்த்துப் பார்த்துத் தன் முகத்தை வரைந்தாள். நெற்றி, பொட்டில்லாத இடம், ஒன்று கொஞ்சம் சின்னதான இரண்டு கண், மூக்கையும் வாயையும் மூடிய முகக்கவசம், கழுத்து, சேலைத் தோள். அதில் கொடி இல்லை, சின்னம் இல்லை, எழுத்து இல்லை. வழக்கப்படி மூலையில் உபய வரியைப் புதுப்பித்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சின்னம் இல்லாததுதான் ஊரைச் சந்தேகப்பட வைத்தது. மூச்சு கூட அப்புறந்தான்.

குடைக்கட்சி வட்டச் செயலாளர் கோதண்டம் வந்து சுவருக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"காதுல மாட்டுற நாடாவைப் பாருங்க மில்லுக்காரரே. பச்சை. சாவிக்கட்சிக் கொடியில பச்சை இருக்குதா இல்லையா?"

"நாடா வெள்ளை."

"நெழல்ல பச்சை இருக்குது."

அவர் போனதும் சாவிக்கட்சிக்காரர்கள் வந்தார்கள், அதே நிழலில் குடைக்கட்சியின் நீலம் இருப்பதாகச் சொன்னார்கள், முகக்கவசத்தின் மடிப்புகள் குடைக்கம்பி மாதிரியே வளைந்திருப்பதைக் குச்சி வைத்துக் காட்டினார்கள். இரண்டு கட்சியும் சேர்ந்து கொளஞ்சியை டீக்கடையில் மடக்கின.

"யாரு இது?"

"நான்."

"நீன்னா வாயை ஏன் மூடி வெச்சிருக்கிற?"

"இப்ப எப்படி நிக்கிறேன்?" அவள் முகத்திலும் அதே வெள்ளைத் துணி இருந்தது. சுக்கான்மேட்டில் பாதிப்பேர் முகத்தில் இருந்தது.

"அது சரி. எந்தக் கட்சி?"

"வாயைத் தொறந்தா சிமெண்டு உள்ள போவுது. போவக்கூடாது. அதான் என் கட்சி."

"அதுக்குப் பின்னால யாரு இருக்காங்க?"

"எனக்குத் தெரிஞ்சு தவிட்டு மூட்டை இருக்குது" என்று சொல்லிவிட்டு, டீயை மறுபக்கம் திரும்பிக் குடித்தாள்.

அதைக் கேட்டதும் பெரியநாயகம் நேரே மில்லுக்குப் போய், சுவருக்கு உள்பக்கம் அடுக்கியிருந்த தவிட்டு மூட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, பம்பு இருக்கிறதா, பைப்பு இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு பல்லி இருந்தது. அதையும் கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்தார்.

ஊர் பழகிவிட்டது. எதற்குத்தான் பழகாது சுக்கான்மேடு? கோலம் போட்டு நிமிர்வதற்குள் கோலம் மறைகிற ஊர், வேப்பமரம் வருஷம் பூராவும் சாம்பல் நிறத்தில் நிற்கிற ஊர், மில்லில் அரைத்த மாவை நனைத்து வைத்தால் புளிக்காது, செட்டாகிவிடும் என்று தானே தன்னைக் கிண்டல் செய்துகொள்கிற ஊர் அது. ஒரு வாரத்தில் கண்டக்டர்கள் "மூச்சு ஸ்டாப்பெல்லாம் எறங்கு" என்று கத்த ஆரம்பித்தார்கள், நாய்கள் கவசத்துக்குக் கீழே காற்று வருகிற இடமாகப் பார்த்துச் சுருண்டுகொண்டன, கைக்குழந்தைக்காரிகள் அழுகிற பிள்ளையைச் சுவரோரம் தோளில் போட்டு அந்த மூச்சின் தாளத்துக்கே தட்டித் தூங்கவைத்தார்கள், யாரோ எலுமிச்சம்பழம் கட்டினார்கள், யாரோ அவிழ்த்தார்கள், வரைந்த கவசத்தில் மூக்கு இருக்கும் இடத்தைச் சுற்றித் தினமும் சாம்பல் வட்டம் படிந்ததால், பஸ்ஸுக்கு முதலில் வருகிறவர் ஒரு ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டு நிற்பது என்று ஒரு பழக்கம் யாரும் சொல்லாமலே வந்தது. கம்பவுண்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்து, "எடது பக்கம் சளி. ஆவி பிடிக்கணும்" என்றார். சாயங்காலம் ஒரு குண்டான் வெந்நீரில் நொச்சித்தழை போட்டுச் சுவருக்குக் கீழே வைத்தார்கள். சுவரின் சீழ்க்கை கொஞ்சம் மட்டுப்பட்ட மாதிரி இருந்தது.

ஆனால் துடைக்கிறவர் யார் என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஆவி வைத்தவள் யார் வீட்டுப் பெண் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆலைதான் உள்ளே கேமரா வைத்திருக்கிறது, யார் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறது என்றான் ஒருவன். அப்படிச் சொன்னவனையே ஆலை அனுப்பியது என்றான் இன்னொருவன். ஏனென்றால் கருத்துக்கேட்புக் கூட்டம் வரப்போகிறது. ஏரிக்கு மேற்கே ஆலை இன்னொரு சுண்ணாம்புக்கல் சுரங்கம் வெட்டப்போகிறது, அதற்கு ஊர்க்காரர்கள் ஆட்சேபணை உண்டா இல்லையா என்று அரசாங்க அதிகாரி முன்னால் வாயால் சொல்லவேண்டும். யார் ஆலையிடம் காசு வாங்கிவிட்டார்கள், யார் வாங்கவில்லை என்று எவருக்கும் தெரியாது. தெரியாததால் எல்லாரும் வாங்கிவிட்டதாகவே எல்லாரும் நினைத்தார்கள்.

கூட்டத்துக்கு முந்தின திங்கட்கிழமை ரகுநந்தன் வந்தான். ஆலையின் மக்கள் தொடர்பு அதிகாரி. பட்டணத்துப் பையன், வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆலைக்குள்ளேயே ஏசி கெஸ்ட் ஹவுஸ், ஏசி ஆபீஸ், நடுவில் கண்ணாடி ஏற்றிய கார். மில்லுக்குள் நுழைந்ததும் ஸ்வீட் டப்பாவைத் தராசின் மேல் வைத்தான்.

"எதுக்கு இது?" என்றார் பெரியநாயகம்.

"சும்மாதான் ஐயா."

"சும்மா எதுவும் வராது."

அவன் சிரித்தான். "சுவர்ல கீழே உங்க பேர்தான் இருக்கு. மேனேஜ்மெண்ட்ல கேக்கறாங்க, யார் இந்தப் பெரியநாயகம்னு. நம்ம ஆள்தான், பையன் செங்கதிர் நம்ம கேட்டுக்குள்ளதான் லாரி ஓட்டறார்னு சொல்லி வெச்சிருக்கேன். சுவர் உங்களுது ஐயா. வெள்ளையடிக்கிறதும் உங்க இஷ்டம். வியாழக்கிழமைக்குள்ள இஷ்டப்பட்டீங்கன்னா கேட் பாஸ் பிரச்சினை வராது."

அவன் போனபிறகு டப்பாவைப் பிரித்து, ஒரு துண்டை நாய்க்குப் போட்டுப் பார்த்தார். நாய் தின்றது. அவர் தின்னவில்லை.

செங்கதிர் ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தவன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "வண்டி கேட்டுக்குள்ள போகலேன்னா அதை வெச்சு நான் என்னாப்பா பண்றது? தவிடு ஏத்தவா?"

"நான் ஒண்ணும் வரையச் சொல்லல."

"ஊர்ல அப்படிச் சொல்லலையே. உங்க பேரு இருக்குதுல்ல."

மறுநாள் காலையில் பெரியநாயகம் கொளஞ்சி வீட்டுக்குப் போனார். அவள் வாசலில் பழைய பெயிண்ட் டப்பாக்களை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

"நீயே அழிச்சிடு கொளஞ்சி."

"என் கையால என் மூக்கைப் பொத்திக்கவா?"

"படம்தானே?"

"படம்னா நீங்களே அழிக்க வேண்டியதுதானே? எதுக்கு இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க?"

 அவருக்குக் கோபம் வந்தது. "உண்மையைச் சொல்லு. யார் சொல்லி வரைஞ்ச? பெயிண்டுல காத்து எப்படி வரும்?"

"எனக்கென்னா தெரியும்? வரைஞ்சது நான். மூச்சு வர்றது அதும்பாடு." டப்பாவைக் கவிழ்த்தாள். "உங்க சொவத்துல இத்தினி வருஷமா எத்தினி வாய் வரைஞ்சிருப்பேன் மில்லுக்காரரே. அத்தினியும் பல்லைக் காட்டுச்சு. ஒண்ணாவது மூச்சு விட்டுச்சா? அப்பல்லாம் நீங்க சந்தேகப்பட்டு வந்ததில்லையே."

"லாரி நின்னுபோவும். பையன் பொழப்பு."

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "தெரியும். அடிச்சுக்குங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா நான் அடிக்கமாட்டேன்."

இப்படிச் சுலபமாக விட்டுக்கொடுக்கிறாளே, இதில் என்ன சூது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

புதன்கிழமை மத்தியானம், வெயிலுக்கு ஊர் கதவைச் சாத்திக்கொண்ட நேரம், மில்லை நிறுத்திவிட்டுத் தானே சுண்ணாம்பு கரைத்தார். ஆள் வைத்தால் ஆள் பேசுவான். ஏணி போட்டு மேலிருந்து ஆரம்பித்தார். முடி போனது, நெற்றி போனது. கண்களுக்கு வந்தபோது தன் கண்ணை மூடிக்கொண்டு மட்டையை இழுத்தார், திறந்தால் வெள்ளையாக இருந்தது, நல்லது என்று காதுக்குப் போனார், கழுத்துக்குப் போனார், சேலைத் தோளுக்குப் போனார், நாலு பக்கமும் வெள்ளை சூழ்ந்து வந்து நடுவில் அந்தக் கவசம் மட்டும் மிச்சமிருந்தபோது மட்டையை நன்றாக முக்கி எடுத்து மூக்குக்கு நேரே கொண்டுபோனார். சுண்ணாம்பு சொட்டியது.

மூச்சு நின்றது.

செத்துப் போய் நின்ற மாதிரி இல்லை. தலையில் தண்ணீர் ஊற்றப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொள்ளுமே, அப்படி. துணி மூக்கோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது.

"விடு" என்றார் பெரியநாயகம். எவ்வளவு நேரம் பிடிப்பாய் பார்க்கிறேன் என்று அவரும் ஏணியில் அப்படியே நின்றார்.  கண்ணில் பூச்சி பறந்தது. அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது, தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று. அவருக்குத்தான் முதலில் தாங்கவில்லை. இருமல் வந்தது, மட்டை கீழே விழுந்தது, ஏணியைக் கட்டிக்கொண்டு இருமினார், குடல் வாய்க்கு வருகிற மாதிரி இருமினார். அவர் இருமி முடித்து இழுத்த முதல் மூச்சோடு அதுவும் இழுத்தது.

இறங்கினார். மிச்சமிருந்த சுண்ணாம்பைக் கீழ்ப்பகுதியில் வாரி அடித்தார். வலது மூலைக்கு வந்ததும் கை தானாக நின்றது. எத்தனையோ வருஷமாக எல்லார் கையும் நிற்கிற இடம், அவர் கையும் நின்றது. மட்டையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் இறங்கியவர்கள் பார்த்தது இதுதான்: பளிச்சென்று வெள்ளைச் சுவர், நட்ட நடுவில் முகமில்லாமல் மூச்சுவிடும் ஒரு முகக்கவசம், கீழே நீலத்தில் ப. பெரியநாயகம், மாவு மில்.

"அப்ப இவருதானா?" என்றார்கள்.

கோதண்டம் ஓடிவந்தார். "ஏன்யா, ஊமை மாதிரி இருந்துக்கிட்டு இவ்வளவு வேலை பார்த்திருக்கியே. எந்தக் கட்சியில சேர்ந்த?"

"நான் இல்ல. அழிச்சதுதான் நான்."

"எல்லாத்தையும் அழிச்சவன் அதை மட்டும் ஏன் விட்ட? பேரை ஏன் விட்ட?"

கொளஞ்சியும் வந்தாள். தலையைச் சாய்த்துச் சுவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி சுவரைப் பார்த்தாள். "துணிக்குள்ள மூக்கு உங்க மூக்கு மாதிரிதான் தெரியுது" என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. முகக்கவசம் போட்டிருந்தாள்.

வீட்டுக்குள் போனால் தனபாக்கியம் கதவோரம் நின்றாள். "கல்யாணம் ஆன நாளா பக்கத்துல படுத்திருக்கிறேன். அந்தச் சொவத்துச் சத்தத்தைக் கேட்ட அன்னிக்கே நினைச்சேன், எங்கயோ கேட்ட சத்தமா இருக்குதேன்னு. உண்மையைச் சொல்லுங்க. நீங்கதானே?"

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுத் திரிந்த மனுஷன், தன்னைச் சந்தேகப்படுகிறவளைத் தாண்டிப் போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குக் கிளம்பினார்.

கல்யாண மண்டபத்தில் கூட்டம். தூசிக்காக ஜன்னலையெல்லாம் அடைத்து, மின்விசிறியெல்லாம் சுற்றவிட்டு, மேடையில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். வாசலிலேயே ரகுநந்தன் பெரியநாயகத்தின் முழங்கையைப் பிடித்தான்.

"சுவர்ல மிச்சம் இருக்கறதை நாங்க பார்க்கல ஐயா. உள்ள போய் ஆட்சேபணை இல்லைன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். செங்கதிர் வண்டி நாளைக்கு வழக்கம்போல உள்ள வரும்."

செங்கதிர் கடைசி வரிசையில் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்பாவைப் பார்த்தான். கண்ணை எடுத்துக்கொண்டான்.

கோதண்டம் போய் மைக்கில் ஆட்சேபணை இல்லை என்றார். சாவிக்கட்சியும் இல்லை என்றது. அந்த ஒரு விஷயத்தில் ஊரில் இரண்டு கட்சியும் ஒன்றாக இருந்தன. சொல்லிவிட்டு வருகிறவர்களை மற்றவர்கள் பார்த்தார்கள், பார்க்கிறவர்களைச் சொன்னவர்கள் பார்த்தார்கள், ஆனால் யாரும் எழுந்து வேறு எதுவும் சொல்லவில்லை. கொளஞ்சி கையைத் தூக்கிக்கொண்டே நின்றாள், அவளை யாரும் கூப்பிடவில்லை. பிறகு பெரியநாயகத்தைக் கூப்பிட்டார்கள்.

"முகக்கவசத்தைக் கழட்டிட்டுப் பேசுங்க" என்றார் அதிகாரி. "யாருன்னு தெரியணும்ல."

கழற்றினார். மைக்கைப் பிடித்தார். இல்லை என்கிற வார்த்தை நாக்கு நுனி வரை வந்து நின்றது. அது அங்கே நிற்கும்போது கரண்ட் போனது.

மின்விசிறிகள் சுற்றி ஓய்ந்தன. மைக் செத்தது. ஜெனரேட்டர்க்காரன் டீசலுக்குப் போயிருந்தான். சத்தமெல்லாம் கீழே இறங்கிய பிறகு மண்டபத்தில் அது கேட்டது. இழுப்பில் ஒரு சீழ்க்கை. விடுவதில் மணல் கொட்டுகிற சரசரப்பு.

சுவர் அங்கே இல்லை. சுவர் பஸ் நிறுத்தத்தில் இருக்கிறது. எல்லாரும் பெரியநாயகத்தைப் பார்த்தார்கள். பெரியநாயகம் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார்.

பிறகு முன்வரிசையில் கோதண்டத்திடமிருந்து அதே சீழ்க்கை வந்தது. அவர் இருமி மறைக்கப் பார்த்தார், இருமல் முடிந்ததும் மறுபடி வந்தது. கம்பவுண்டரிடமிருந்து வந்தது, சாவிக்கட்சி வரிசை முழுக்க வந்தது, பெண்கள் பக்கம் இருந்து வந்தது, மடியில் தூங்குகிற குழந்தையிடமிருந்து சின்னதாக வந்தது, கடைசி வரிசையில் சாவியைச் சுற்றுவதை நிறுத்திவிட்ட செங்கதிரிடமிருந்து வந்தது. ஒரே இழுப்பு, ஒரே சரசரப்பு, மண்டபமே ஏறி ஏறி இறங்கியது. இத்தனை நாளாகப் பக்கத்துவீட்டுக்காரனை நம்பாமல் இருந்த ஊர், அவன் நெஞ்சுக்குள் தன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"சொல்லுங்க" என்றார் அதிகாரி, இருட்டைப் பார்த்து. "ஆட்சேபணை உண்டா இல்லையா?"

"கேக்குதுல்ல?" என்றார் பெரியநாயகம். "எழுதிக்குங்க. இதான்."

மறுநாளிலிருந்து லாரி மில் வாசலில்தான் நின்றது. கொளஞ்சி ஏணியோடு வந்து, அந்த மிச்சக் கவசத்துக்கு மேலே யார் கண்ணை வரைவது என்று ஊரைக் கேட்டுவிட்டு, பதில் வராததால் வெள்ளையாகவே விட்டுவிட்டுப் போனாள். அதெல்லாம் பிறகு. அன்றைக்கு, அந்த இருட்டில், எல்லா மூச்சும் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அதில் சேராமல் ஒரு மூச்சு தனியாகக் கேட்டது. சீழ்க்கை இல்லை, சரசரப்பு இல்லை. புதுத்துணி மாதிரி சுத்தமான மூச்சு. வாசல் பக்கமிருந்து வந்தது.

ஊரே மெதுவாகத் திரும்பி ரகுநந்தனைப் பார்த்தது.